எவருக்காக ஆய்வு?

(உழவர் திருநாளையொட்டி நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

ஓர் அறிவியலறிஞனின் வாழ்க்கை எவ்வாறு அமைதல் வேண்டும் என்று இன்றைய கல்வியுலகம் ஒரு நேர்கோடு வரைந்து வைத்திருக்கின்றது. ஒரு பட்டம், அதன்மேல் மற்றொரு பட்டம், ஆய்வுநிலையத்தில் ஓர் இருக்கை, ஆங்கிலத்தில் சில கட்டுரைகள், அவற்றைக் காட்டிப் பெறும் இன்னும் உயர்ந்த இருக்கை, இறுதியில் ஓய்வூதியம். இக்கோட்டை விட்டு ஒருவன் விலகுவானாயின், அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று ஊர் பேசும், உற்றார் வருந்துவர். அங்ஙனம் விலகியவர் ஒருவர் இத்தமிழ் மண்ணில் வாழ்ந்தார். வளைந்தும் திரும்பியும் நெடுந்தொலைவு நடந்து, முடிவில் எந்த உழவர் குடியினின்று புறப்பட்டாரோ அவ்வுழவர் குடியிடமே தம் அறிவைக் கொண்டுவந்து சேர்த்தார். அவரே கோ. நம்மாழ்வார்.

நம்மாழ்வாரைத் தமிழ்நாட்டு மக்களுள் பெரும்பாலோர், வெண்டாடியும் தோளில் துண்டுமாக ஊரூராய் நடந்து இயற்கை வேளாண்மை பேசிய முதியவராகவே அறிவர். அவர் வேளாண் அறிவியலை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர் என்பதையும், அரசின் ஆய்வுநிலையத்தில் ஆறாண்டுகள் பணியாற்றியவர் என்பதையும் பலர் மறந்துவிட்டனர். இம்மறதியால் ஒரு தீங்கு உண்டு. ‘அவர் பழமை விரும்பி, அறிவியலுக்குப் பகைவர்’ என்று உரவணிகரும் விதைவணிகரும் சொல்லும் பழிச்சொல் எளிதில் ஒட்டிக்கொள்கின்றது. அறிவியலை விட்டு அவர் ஓடியவரல்லர். அறிவியல் எவருக்காக உழைத்தல் வேண்டும் என்று கேட்டவர். அக்கேள்விக்குச் செவிகொடாத இடங்களை விட்டு வெளியேறியவர்.

கரிசலில் பிறந்த கேள்வி

தஞ்சை மாவட்டம் திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் அவர் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று பட்டம் பெற்றார். 1963ஆம் ஆண்டு கோவில்பட்டி வேளாண் ஆய்வுநிலையத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அக்காலம் எத்தகைய காலம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் தொடங்கிய செறிவு வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. 1965, 1966ஆம் ஆண்டுகளில் வானம் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்பொழுது வரும் என்று இந்திய அரசு துறைமுகத்தைப் பார்த்துக் கிடந்தது. 1966ஆம் ஆண்டு பிலிப்பைன்சு நாட்டிலிருந்த பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. பசித்த வயிற்றுக்குச் சோறு வேண்டும் என்னும் தேவை உண்மையானது. நீரும் உரமும் உரிய காலத்தில் கிடைத்த இடங்களில் புதிய நெல்வகைகள் மிகுதியாக விளைந்தன என்பதும் உண்மையே. இதனை மறைத்துப் பேசுதல் அறமாகாது.

ஆயின், கோவில்பட்டி தஞ்சையன்று. அங்கே ஆறில்லை, வாய்க்கால் இல்லை. அது வானம் பார்த்த கரிசல் நிலம். அந்நிலத்தில் பருத்திக்கும் சிறுகூலங்களுக்கும் வரிசைக்கு வரிசை எத்துணை இடைவெளி விடுவது, ஒரு பாத்திக்கு எத்துணை வேதியுரம் இடுவது என்று அளந்து அளந்து ஆய்வு நடத்துவதே நம்மாழ்வாருக்கு இடப்பட்ட பணி. ஒட்டுவிதை, உரம், பூச்சிக்கொல்லி யாவும் ஆய்வுநிலையத்தின் செலவில் வந்து இறங்கின. வேலிக்கு வெளியே இருந்த உழவனுக்கு அவற்றை வாங்கப் பணமில்லை. கடன்பட்டு வாங்கினாலும், உரமிட்ட மாதத்தில் மழை பெய்யாது போனால் உரமும் வீண், பயிரும் வீண், வட்டி மட்டும் வளரும். வேலிக்கு உள்ளே விளைந்தது கணக்கு. வேலிக்கு வெளியே விளைந்தது கடன்.

எவர் பெயரால் ஆய்வு நடைபெறுகின்றதோ, அவரால் அம்முடிவைக் கையாள முடியாதெனின், அவ்வாய்வால் பயன் யாது? இக்கேள்வியை நம்மாழ்வார் எழுப்பினார். மழையை மட்டுமே நம்பி வாழும் எளிய உழவனுக்கு ஏற்ற வகையில் ஆய்வின் போக்கைத் திருப்புதல் வேண்டும் என்று உடன்பணியாற்றியோரிடம் எடுத்துரைத்தார். அவர் சொல் எடுபடவில்லை.

இதே காலத்தில்தான் காவிரிப் படுகையில், 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலியுயர்வு கேட்ட உழைப்பாளர் குடியைச் சேர்ந்த 44 உயிர்கள் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். ‘எவ்வளவு விளைந்தது’ என்று கேட்பதோடு ஆய்வு முடிந்துவிடலாகாது, ‘விளைந்தது எவர் கையில் எஞ்சியது’ என்றும் கேட்டாக வேண்டும் என்பதற்கு அக்காலமே சான்றாக நின்றது.

1969ஆம் ஆண்டு நம்மாழ்வார் அரசுப் பணியைத் துறந்தார். நிலையான ஊதியத்தையும், அதனோடு வரும் மதிப்பையும் விட்டு வெளியேறிய பொழுது அவர்க்கு அகவை முப்பத்தொன்று.

களக்காட்டில் கற்றது

கேள்வியோடு வெளியேறுவது எளிது. விடை தேடுவது அரிது. அவரது விடைதேடல் நெல்லை மாவட்டக் களக்காட்டில் தொடங்கிற்று. பெல்சிய நாட்டுத் துறவியும், 1958ஆம் ஆண்டின் நோபெல் அமைதிப் பரிசு பெற்றவருமான தொமினிக் பியர் தோற்றுவித்த ‘அமைதித் தீவு’ என்னும் தொண்டமைப்பு அங்குச் சிற்றூர் மேம்பாட்டுப் பணியை மேற்கொண்டது. அவ்வமைப்பில் வேளாண் வல்லுநராக ஏறத்தாழப் பத்தாண்டுகள் நம்மாழ்வார் பணியாற்றினார். கோவில்பட்டியில் பாத்திகளைப் பார்த்தவர், களக்காட்டில் குடும்பங்களைப் பார்த்தார். பாத்தியில் விளைச்சலை மட்டும் அளக்கலாம். குடும்பத்தில் செலவு, கடன், உணவு, நோய், பிள்ளைகளின் படிப்பு அனைத்தையும் சேர்த்தே அளக்க வேண்டியிருந்தது.

அங்ஙனம் அளந்தபொழுது அவர் கண்ட உண்மை இது: வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கும் பொருள்கள் எவ்வளவுக்குக் குறைகின்றனவோ, அவ்வளவுக்கு உழவன் நிமிர்ந்து நிற்பான். பயிருக்கு வேண்டியவை இயன்றவரை அப்பண்ணைக்குள்ளிருந்தே கிடைத்தல் வேண்டும். கழிவு என்று தள்ளப்படுவது எதுவோ அதுவே மீண்டும் உள்ளீடாக வேண்டும். வைக்கோல் மாட்டுக்குச் செல்கின்றது. சாணி எருவாகி மண்ணுக்குச் செல்கின்றது. மண் மீண்டும் நெல்லைத் தருகின்றது. இவ்வட்டத்தில் ஓரிடம் அறுபட்டாலும் அவ்விடத்தில் ஒரு வணிகன் வந்து அமர்ந்துகொள்கின்றான்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. இதற்குள் அறிவியல் இருக்கின்றது. நம்மைச் சூழ்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரசனே. ஆயினும் பயிர் அதனை நேரே உட்கொள்ளவியலாது. செருமானிய வேதியறிஞர் பிரிட்சு ஏபர் காட்டிய வழியில், தொழிற்சாலைகள் கடும் வெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் அதனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அதற்கு எரிவளி பெருமளவில் செலவாகின்றது. அதே வேலையை அவரை, துவரை, உளுந்து, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஓசையின்றிச் செய்கின்றன. அவை விலைச்சீட்டு அனுப்புவதில்லை. கடலுக்கு அப்பால் போர் மூண்டால் விலையை ஏற்றுவதுமில்லை. கூலத்தோடு பயறையும் கலந்து விதைத்த தமிழ் உழவனின் கை, நுண்ணுயிரின் பெயரை அறியாமலேயே அதன் பயனை அறிந்திருந்தது. அப்பட்டறிவைப் புறந்தள்ளாமல், அதன் கரணியத்தைக் கண்டு விளக்கி, அதனை மேலும் செப்பம் செய்வதே உழவர்க்கான ஆய்வு என்பதை நம்மாழ்வார் உணர்ந்தார்.

மக்கள் மொழியே ஆய்வு மொழி

1970களின் பிற்பகுதியில் அவரது வழி மீண்டும் ஒருமுறை திரும்பிற்று. வினோபா பாவேயின் கல்விக் கருத்துகளும், பிரேசில் நாட்டுக் கல்வியறிஞர் பாவ்லோ பிரெயிரேயின் கருத்துகளும் அவரை ஆட்கொண்டன. பிரெயிரே, 1963ஆம் ஆண்டு, அதாவது நம்மாழ்வார் கோவில்பட்டியில் பணியேற்ற அதே ஆண்டில், தம் நாட்டின் வடகிழக்கிலுள்ள அங்கிகோசு என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளர்க்குச் சில வாரங்களிலேயே எழுத்தறிவித்தவர். அவர் கையாண்ட முறை எளியது. அம்மக்கள் நாள்தோறும் வயலிலும் வீட்டிலும் புழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டு, அவற்றிலிருந்தே எழுத்தையும், தம் நிலையை ஆராயும் அறிவையும் வளர்த்தார். மக்களை வெறும் குடங்களாகக் கருதி அறிவை ஊற்றுவது கல்வியாகாது என்பது அவர் கொள்கை.

1979ஆம் ஆண்டு நம்மாழ்வார் ‘குடும்பம்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அதுமுதல் அவர்தம் ஆய்வுக்கூடம் ஊர்த்திண்ணையும் வயல்வரப்புமே. அங்கே அவர் பேசிய மொழியைத்தான் தமிழ்ப்பற்றுடையோர் உற்று நோக்குதல் வேண்டும்.

நம் நாட்டில் வேளாண் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. எழுதுபவன் தமிழன், அவன் ஆராயும் மண் தமிழ்மண், அப்பயிரை விளைவிப்பவனும் தமிழன். இம்மூவர்க்கும் இடையே ஆங்கிலம் எதற்கு? உழவனுக்கு உரைப்பது நோக்கமாயின் அது தமிழில்தானே இருத்தல் வேண்டும்? உழவன் படிக்கமுடியாத மொழியில் உழவைப்பற்றி எழுதுவோன், தன் உயர்வைக் கருதி எழுதுகின்றான் என்றே கொள்ளுதல் தகும்.

நம்மாழ்வார் தஞ்சைத் தமிழில் பேசினார். பட்டம், நாற்றங்கால், மூடாக்கு, ஊடுபயிர், தழையெரு என்னும் சொற்கள் அவர் பேச்சில் இயல்பாய்ப் புழங்கின. மூடாக்கு என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இலைதழையால் மண்ணை மூடிவைத்தால் ஈரம் காக்கப்படும், களை குறையும், மண்புழு பெருகும், வெயில் மண்ணைச் சுடாது. இத்துணையும் அடங்கிய சொல் ஊர்ப்புறத்து உழத்தியின் வாயில் இருக்கின்றது. நெல்லுக்குத் தாள், வாழைக்குத் தண்டு, சோளத்திற்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை எனப் பயிரின் அடியைக் குறிக்கவே வேறு வேறு சொற்கள் தமிழில் இருப்பதை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் எடுத்துக்காட்டினார். இவ்வாறு நுணுகிப் பகுக்கத் தெரிந்த மொழியில் பயிரறிவியல் எழுதவியலாது என்பது அறியாமை; அன்றேல் அடிமை மனம். உழவர் மொழியில் அறிவியலைப் பேசலாம் என்பதை நம்மாழ்வார் கூட்டம் கூட்டமாகத் திரண்ட மக்கள் முன் செய்தே காட்டினார்.

ஆய்வு களத்தில் இறங்கிய இடங்கள்

1987ஆம் ஆண்டு உயிர்ச்சூழல் வேளாண்மைபற்றிய பயிற்சியை நெதர்லாந்து நாட்டு அமைப்பொன்றின்வழி அவர் பெற்றார். ஐம்பதை எட்டும் அகவையில் மீண்டும் மாணவரானார் என்பது கருதத்தக்கது. அதன்பின் புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் ‘கொழுஞ்சி’ப் பண்ணை உருவாயிற்று. கொழுஞ்சி என்பது வறண்ட மண்ணிலும் தானே முளைக்கும் பசுந்தழைச் செடி. பெயரே அப்பண்ணையின் நோக்கத்தைச் சொல்கின்றது.

அடுத்து வந்தது வேம்பு வழக்கு. வேப்பெண்ணெயால் பயிர்ப்பூசணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறைக்கும் கிரேசு என்னும் குழுமத்திற்கும் 1994ஆம் ஆண்டு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை வழங்கிற்று. நம் பாட்டிமார் கைமருந்தை அயலான் தன் கண்டுபிடிப்பு என்றான். அதனை எதிர்த்து வந்தனா சிவா முதலியோர் வழக்காடினர். அவ்வழக்கின் பொருட்டுச் செருமனி சென்றவர்களுள் நம்மாழ்வாரும் ஒருவர். 2000ஆம் ஆண்டு அக்காப்புரிமை நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு மேல்முறையீடும் தள்ளப்பட்டது.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைத் தாக்கியபொழுது, வயல்களில் உப்பும் சேறும் படிந்தன. ‘பல்லாண்டுகளுக்கு இங்கே பயிர் விளையாது’ என்று பலர் கைவிரித்தனர். நம்மாழ்வாரும் இயற்கை உழவர்களும் வயலில் இறங்கினர். உப்புப் படிவை அகற்றி, வாய்க்கால் வெட்டி, மழைநீரால் உப்பைக் கழுவி வடியவிட்டனர். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதனர். குழிவெடிச்சான் போன்ற உவர்தாங்கும் மரபு நெல்வகைகள் எத்துணை அருமையானவை என்பது அப்பொழுது விளங்கிற்று. பழைய விதையைக் காத்தல் அருங்காட்சியக வேலையன்று. நாளைய பேரிடர்க்குப் போடும் அணை அது. அவர் தூண்டுதலால் மரபு நெல்லைத் தேடப் புறப்பட்ட திருத்துறைப்பூண்டி செயராமன், 2018ஆம் ஆண்டு மறையுமுன் 174 நெல்வகைகளை மீட்டார். அவர் பெயருக்குமுன் ‘நெல்’ என்னும் சொல்லை அடையாகத் தந்தவரும் நம்மாழ்வாரே.

2009ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வேளாண்மை மன்றச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. பட்டம் பெற்று மன்றத்தில் பதிந்துகொண்டவர் அல்லாத பிறர் வேளாண் அறிவுரை கூறுதல் குற்றமாகும் நிலையை அச்சட்டம் உண்டாக்கிற்று. நம்மாழ்வாரிடம் பட்டம் இருந்தது. அச்சட்டம் அடைக்க முனைந்தது பட்டமில்லா உழவனின் வாயை. அந்த உழவனுக்காகவே அவர் முன்னின்று எதிர்த்தார். ஒருவர் தாம் கற்ற கல்வியைத் தம் வேலியாகக் கொள்கின்றாரா, பிறர்க்கு வழியாகத் திறக்கின்றாரா என்பதற்கு இதனினும் சிறந்த உரைகல் வேண்டுமோ? எதிர்ப்பின்முன் அச்சட்டம் நிலைக்கவில்லை.

இறுதிக் காலத்தில், கரூர் மாவட்டக் கடவூரை அடுத்த சுருமான்பட்டியின் வறண்ட நிலத்தில் ‘வானகம்’ என்னும் பயிற்சிப் பண்ணையை அமைத்தார். காவிரிப் படுகையில் நிலத்தடி நிலக்கரிப் படுகையினின்று மீத்தேன் எடுக்கும் திட்டத்திற்கு 2010ஆம் ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினாலன்றி அவ்வளி மேலே வாராது. நீர் போனால் நெல் போகும். நெல் போனால் அங்கே வாழும் இனம் போகும். எழுபத்தைந்து அகவையில் ஊர் ஊராக அவர் இதனை எடுத்துரைத்தார். அப்பணியில் இருந்தபொழுதே, 2013 திசம்பர் 30ஆம் நாள், பட்டுக்கோட்டையை அடுத்த பிச்சினிக்காட்டில் உயிர்நீத்தார். வானகத்து மண்ணில் விதைக்கப்பட்டார். 2020ஆம் ஆண்டு காவிரிப் படுகை, காக்கப்பட்ட வேளாண் மண்டிலமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டதில் அவர் மூட்டிய விழிப்புக்கும் பங்குண்டு.

ஆணையால் ஆகாதது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 2021ஆம் ஆண்டு இலங்கையில் சிங்கள அரசு ஒரே ஆணையால் வேதியுர இறக்குமதியைத் தடை செய்தது. மண்ணைப் பழக்கவும், எருவைப் பெருக்கவும், உழவர்க்குப் பயிற்சியளிக்கவும் காலம் தரப்படவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை சரிந்தது, கிளிநொச்சி, மட்டக்களப்பு உழவரும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் அவதியுற்றனர். அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. ‘பாருங்கள், இயற்கை வேளாண்மை தோற்றது’ என்று உரவணிகர் கூவினர். தோற்றது ஆய்வில்லாத ஆணை; உழவனைக் கேளாத ஆட்சி. நம்மாழ்வார் கோவில்பட்டியில் ஆறாண்டும், களக்காட்டில் பத்தாண்டும், அதன்பின் வாழ்நாள் முழுவதும் கற்றார். நிலத்திற்கு நிலம் வேறு விடை என்பதை அறிந்தே பேசினார். அவர் பெயரைச் சொல்வோர், அவர்தம் முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்தம் உழைப்பை விட்டுவிடுதல் கூடாது. அளக்காமல் பேசுவது அவர் வழியன்று.

இவ்வளைந்த வழி அவர் ஒருவர்க்கே உரியதுமன்று. அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் அறிவியலாளராய் இருந்த இரேச்சல் கார்சன் 1952ஆம் ஆண்டு அப்பணியை விட்டு விலகினார்; பத்தாண்டு கழித்து, 1962இல், பூச்சிக்கொல்லிகளின் தீமையை உலகுக்கு உணர்த்தும் நூலை எழுதினார். சப்பானியர் மசானபு புகோகா பயிர்நோய் ஆய்வாளராய் இருந்து, அதனைத் துறந்து வயலுக்குத் திரும்பினார். மக்களை நோக்கிய ஆய்வுக்கு நேர்வழி எவரும் போட்டுவைக்கவில்லை. நடப்பவர் காலடியிலேயே அவ்வழி உண்டாகின்றது.

இளந்தோழர்களே! நீங்கள் அனைவரும் பணியைத் துறந்து வெளியேறுதல் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆய்வுநிலையத்துள் இருந்துகொண்டே கேட்கலாம்: இவ்வாய்வு எவருக்கு? இதன் முடிவு எம்மொழியில் எழுதப்படும்? இதனால் உழவன் கையில் எஞ்சுவது கூடுமா, குறையுமா? ஆண்டுக்கு ஒரு கட்டுரையேனும் தமிழில் எழுதுங்கள். எழுதியதை ஓர் உழவர் முன் படித்துக் காட்டுங்கள். அவர் தலையசைத்தால் அதுவே உமக்குப் பட்டம். அவர் மறுத்துப் பேசினால் அதுவே உமக்குப் பாடம். கேட்டு விடை கிடைக்காத நாள் வருமாயின், அன்று வெளியேறும் துணிவும் உமக்கு வேண்டும்.

உழவு தமிழனின் தொழில் மட்டுமன்று. அவன் நிலத்தின்மேல் அவனுக்குள்ள உரிமையின் வேர். விதை அயலான் கையிலும், உரம் அயலான் கையிலும், அறிவு அயலான் மொழியிலும் இருக்கும்வரை அவ்வுரிமை வெறும் பேச்சே. விதையை மீட்போம்! மண்ணை மீட்போம்! அறிவைத் தமிழில் மீட்போம்!

எழுக தமிழ் உழவர்! வெல்க தமிழ்!